நான்கு டயருக்கும் இருபத்தெட்டு

இன்று காலை அடையாறு பெட்ரோல் பங்கில் காற்றடிக்கப் போனோம். நான் ஓட்டினேன், என் கணவர் பக்கத்தில்.

கோடம்பாக்கத்துத் தயாரிப்பாளர் ஒருவரிடம் அவர் ஆசைப்பட்டு வாங்கிய, இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். அவருக்குப் பக்கவாதம் வந்தபின், இனி ஓட்டவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முன்பெல்லாம் காற்றடிக்கப் போனாலே பங்க் ஆளோடு சண்டைதான். டயர் ஆறட்டும் என்று அரை மணி காத்திருப்பார். முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு. ஒரு பவுண்டு கூடினாலும் வண்டி துள்ளும் என்பார். அளவை யாரிடமும் சொல்லமாட்டார், தானே பார்த்து வைப்பார்.

காற்றடிப்பவர் சிரித்தார். "வாங்க சார். இன்னிக்கு எவ்ளோ நேரம் ஆறணும்?"

"வேண்டாம்ப்பா. உனக்குத் தோணறதைப் போடு."

"அம்பாசடருக்கு இருபத்தெட்டு. இதுக்கும் அதானா?"

"சரி."

காற்றடிப்பவர் குழாயைப் பிடித்தபடி நின்றார். "இன்னா சார், சண்ட போடாம கீறீங்க?"

"சரியான அளவைச் சொல்லுங்களேன்" என்றேன் நான்.

"யார் ஓட்டப் போறா?"

"நான்தானே ஓட்டறேன்."

"நீ மெதுவாத்தானே போவே. எதுவா இருந்தா என்ன."

நான்கு டயருக்கும் இருபத்தெட்டு அடித்தாயிற்று. மயிலாப்பூர் வரும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி துள்ளியது. அவர் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இந்த வண்டிக்குச் சரியான அளவு தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாலும் சரி, அதைக் கேட்டாவது அவர் சண்டைக்கு வருகிறாரா பார்க்கிறேன்.