வெள்ளிக்கிழமை வைஸ்

இன்று காலை வீட்டுப் பின்புறம் வைத்திருக்கும் நீல டிரம்மின் மூடியைத் திறந்தேன். புளித்த அன்னாசி வாடை மூக்கில் ஏறியது. பக்கத்து வீட்டு ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது. அந்த வீட்டுக்காரர்கள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதற்குள் நகராட்சிக்கே எழுதிப் போட்டிருப்பேன்.

பெக்கான் நானாஸில் இருக்கும் என் நாத்தனார் அன்னாசித் தோலைச் சாக்கில் கட்டி அனுப்புவார். அதைத் தண்ணீரில் போட்டுப் புளிக்கவிட்டால், இரும்பில் ஏறிய துருவை மெல்ல மெல்லத் தின்றுவிடும். கடையில் விற்கும் அமிலம் சீக்கிரம் வேலையை முடிக்கும்தான், ஆனால் துருவோடு இரும்பையும் சேர்த்துக் கடித்துவிடும். அன்னாசிக்கு அந்த அவசரம் இல்லை. இன்றைக்கு அதில் ஊறிக்கொண்டிருந்தது ஒரு பழைய வைஸின் திருகு.

வைஸ் தெரியும்தானே உங்களுக்கு? பட்டறை மேசை ஓரத்தில் பூட்டி வைத்திருப்பார்களே, இரண்டு தாடைகளுக்கு நடுவில் இரும்பைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் அசையவிடாமல் கவ்விக்கொள்ளும், அதுதான். மலாய்க்காரர்கள் ராகும் என்பார்கள். பழைய இரும்புக் கடைகளில் கிடப்பதை வாங்கிவந்து, கழற்றி, துரு நீக்கி, எண்ணெய் போட்டு மறுபடியும் சுழலவைப்பது என் பொழுதுபோக்கு. மற்ற பெண்கள் ஆர்க்கிட் வளர்க்கிறார்கள். கூலாயில் எங்கள் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தைப் பாதிக்குமேல் வைஸ்கள் பிடித்துக்கொண்டதால் என் வீட்டுக்காரரின் கார் மழையில் நனைகிறது. "அலமாக், திருடன்கூட நம்ம வீட்டுக்கு வரமாட்டான்லா, தூக்குனா முதுகு புடிச்சிக்கும்" என்பார். வந்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லிச் சிரிப்பார்.

திருகை வெளியே எடுத்துக் கழுவி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தேன். எத்தனை வருடம் ஆனாலும் மண்ணெண்ணெய் வாடை வந்தால் எனக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகிவிடும். கிழமை எதுவாக இருந்தாலும் சரி.

தொழில்நுட்பப் பள்ளியை முடித்த கையோடு செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து சாமான்களைப் பெட்டியில் அடுக்கும் பெரிய கூடத்தைத் தாண்டிப் போனால், பின்னால் அச்சுப் பட்டறை. பிளாஸ்டிக்கை ஊற்றும் இரும்பு அச்சுகளைச் சரிசெய்யும் இடம். அங்கே நான் ஒருத்திதான் பெண். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கூடம் முழுவதையும் கடந்து போக வேண்டும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை எல்லோரும் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். நானும் ஏதோ பெரிய வேலையாகப் போகிறவள் போலக் கையில் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போவேன்.

பட்டறைக்கு மேலாள் டேவிட் அண்ணன். குளுவாங் பக்கத்துக்காரர். கூலாயில் நான் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தேன், அவர் போகும் மாதா கோயிலுக்குத்தான் டேவிட் அண்ணனும் வருவார். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற குரல் வெண்ணெய் மாதிரி இருக்கும். திங்கட்கிழமை பட்டறையில் அதே குரலைக் கேட்டால் அரத்தைக் கீழே போட்டுவிடுவோம். என்னைப் பட்டறையில் சேர்க்கலாம் என்று நிர்வாகத்திடம் பேசியவரும் அவர்தான். பாலோவில் இருந்த என் அப்பா, "டேவிட் இருக்காருன்னுதான் அனுப்புறேன்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருடைய வைஸை இன்னொருவர் தொடக்கூடாது. வேலை முடிந்து எழுந்து போகிறவர் தாடைகளைக் கிட்டத்தட்ட மூடி, கைப்பிடியை நேர்கீழாகத் தொங்கவிட்டுப் போவார். தொடாதே என்று அதற்கு அர்த்தம். தாடையில் கீறல் விழுந்தால் டேவிட் அண்ணன் அந்த மேசைக்காரரைத்தான் நிற்கவைத்துக் கேட்பார். பல் துலக்கும் பிரஷைக்கூடக் கடன் கொடுப்பார்கள், வைஸைக் கொடுக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. நேராக நின்று, கையை மடக்கி முட்டியை மோவாய்க்குக் கீழே வைத்தால், முழங்கை வைஸின் மேல் படவேண்டும். அதுதான் அந்த ஆளுக்கு ஏற்ற உயரம். வேலை உறுதியான ஒவ்வொருவருக்கும் மேசைக்காலை வெட்டியோ, கீழே இரும்புக் கட்டை வைத்தோ அந்த உயரத்தைச் சரிசெய்து, தரையோடு பூட்டிக் கொடுப்பார்கள். அதனால் மேசைகள் ஒன்றுக்கொன்று ஏறியும் இறங்கியும் நிற்கும். ஆள் இல்லாத நேரத்திலும் யார் மேசை எது என்று வாசலிலிருந்தே சொல்லிவிடலாம்.

எனக்குக் கிடைத்தது, எனக்கு முன்னால் வேலை பார்த்த ஒரு சீக்கியரின் மேசை. ஆறடிக்கும் மேலே இருந்தாராம். நானோ, இன்றைக்கும் பேரங்காடியில் மேல்தட்டு மாவுப் பொட்டலத்தை எடுத்துக்கொடுக்கச் சொல்லி யாரையாவது கெஞ்சுகிற உயரம். அந்த வைஸ் என் நெஞ்சுக்கு வந்தது. அவ்வளவு உயரத்தில் அரம் பிடித்தால் கை சமமாகப் போகாது. முன்னும் பின்னும் சாய்ந்து, தட்டையாக வரவேண்டிய இரும்பு நடுவில் மேடாகிவிடும். முதல் வாரமே டேவிட் அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"வைஸு ஒசரமா இருக்குண்ணே."

அவர் சிரித்தார். "மொதல்ல கைய நேராக்கும்மா. அப்புறம் மேசைய பாக்கலாம்." பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பழக்கடையில் ஒரு மரப்பெட்டி வாங்கிவந்து மேலே ஏறி நின்று பார்த்தேன். பாதுகாப்பு அதிகாரி அன்றைக்கே அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதையெல்லாம் எதிர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ரோஸ்லி. பொந்தியான்காரர், புதிதாகக் கல்யாணமானவர், என்னைவிட ஒரு விரல்கடை உயரம் இருந்தால் அதிகம். அவருடைய மேசைக்காலை நன்றாக வெட்டியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, சொங்கோக்கை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மசூதிக்குக் கிளம்பியவர், என் மேசைப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். "ராகும் சாயா பாக்காய்லா. தாப்பி ஜாங்ஙான் சாக்காப்." என் வைஸைப் பயன்படுத்திக்கொள், ஆனால் வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மலாய்க்காரர்கள் தொழுகைக்குப் போவார்கள். மற்றவர்கள் அந்த நீண்ட இடைவேளையில் வெளியே போய் நிதானமாகச் சாப்பிட்டு வருவார்கள். டேவிட் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவார். பட்டறையில் நானும் மின்விசிறியும்தான். ரோஸ்லியின் வைஸைத் திறந்து இரும்பைப் பூட்டி அரத்தை வைத்ததுமே கை தானாக நேராகப் போயிற்று. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் கையில் ஒரு கோளாறும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. முடித்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தாடையை மூடி, கைப்பிடியைத் தொங்கவிட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமைதோறும் இப்படியே நடந்தது.

வேலை உறுதியாக வேண்டிய காலம் நெருங்கியபோது டேவிட் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். அவர் மேசைமேல் நான் அராவிய இரண்டு இரும்புத் துண்டுகள் இருந்தன.

"இது செவ்வாக்கெழம செஞ்சது. இது வெள்ளிக்கெழம செஞ்சது. ரெண்டும் ஒரே ஆளு கையி இல்ல."

"ரெண்டும் நான்தாண்ணே."

"யாரு வந்து செஞ்சு குடுக்கறா? எல்லாரும் வெளிய போன நேரத்துல யாரு உள்ள வர்றா? ஒங்கப்பா என்னைய நம்பித்தான உட்ருக்காரு?"

அந்தக் கேள்வியில் வேலை மட்டும் இல்லை என்பது உங்களுக்குப் புரியும். ஆளில்லாத பட்டறையில் அவளைப் பார்க்க ஒருவன் வருகிறான் என்ற பேச்சு ஞாயிறு பூசைக்குள் சின்னம்மா காதுக்கு வரும். அடுத்த வாரமே பாலோவிலிருந்து அப்பா வந்து பெட்டியைக் கட்டச் சொல்வார். ரோஸ்லியின் பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம். சொன்னால் வழக்கத்தை மீறினார் என்று அவரை நிற்கவைப்பார்கள். நான்தான் செய்தேன் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

"சரி. இந்த வெள்ளிக்கெழம நான் எங்கயும் போகல. என் கண்ணு முன்னால ஒரு சதுரம் அராவிக் காட்டு. நேரா வரலன்னா திங்கக்கெழமலேர்ந்து பேக்கிங்."

மறுநாள் தேநீர் இடைவேளையில் ரோஸ்லியிடம் விஷயத்தைச் சொன்னேன். என் மேசையிலேயே செய்துகொள்கிறேன், உங்களை இழுக்கமாட்டேன் என்றேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. எல்லோரும் கிளம்பினார்கள். டேவிட் அண்ணன் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ரோஸ்லி சொங்கோக்கை எடுத்துக்கொண்டார். தன் வைஸின் கைப்பிடியைப் பிடித்தார், மூடுவதற்குத்தான் என்று நினைத்தேன். மாறாக, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று திறந்தார். தாடைகளை அகலத் திறந்துவைத்து, கைப்பிடியைக் குறுக்காக விட்டுவிட்டு, டேவிட் அண்ணனுக்குத் தலையை அசைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வெளியே போய்விட்டார். அந்தப் பட்டறையில் வைஸை அப்படித் திறந்துபோட்டு யாரும் போனதே இல்லை.

நான் என் அரத்தையும் இரும்பையும் எடுத்துக்கொண்டு ரோஸ்லியின் மேசைக்கு நடந்தேன்.

"அது யாரு மேசை?"

"தெரியும்ணே" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் எழுந்து வந்து தடுப்பார் என்று காத்திருந்தேன். தடுக்கவில்லை. நான் அராவ ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் இருப்பதே மறந்துவிட்டது. முடித்துக் கொடுத்ததும் துண்டின்மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம், அடுத்த பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுக்கில் எங்கேயும் வெளிச்சம் தெரியவில்லை, அவ்வளவு நேராக வந்திருந்தது. பிறகு என் மேசைக்குப் போய் அதன்முன் நின்று, கையை மடக்கி முட்டியை மோவாய்க்குக் கீழே வைத்தார். நல்ல உயரமான மனிதர்தான். அவருக்கே முழங்கை வைஸில் இடித்தது.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னேண்ணே. வந்த மொத வாரமே சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. அவர் முகம் சிவந்தது.

"சாப்ட்டியா?" என்றார்.

இல்லை என்றேன். தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். சம்பல் நெத்திலி. அவ்வளவு ருசியாக அதற்குப் பிறகு நான் எங்கேயும் சாப்பிடவில்லை. தொழுகை முடிந்து வந்த ரோஸ்லியிடம், "உன் ராகுமை மூடாமல் போய்விட்டாய்" என்று டேவிட் அண்ணன் மலாயில் அதட்டினார். "லுப்பா, போஸ்" என்றார் ரோஸ்லி. மறந்துவிட்டாராம். திங்கட்கிழமை காலை என் மேசைக்கால்களை வெட்டினார்கள். பேக்கிங் கூடத்துப் பெண்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த மேசையில் நான் பல வருடங்கள் நின்றேன். பிறகு கணினியில் வரைந்து கொடுத்தால் தானே செதுக்கும் இயந்திரங்கள் வந்தன. என்னை வரைகிற அறைக்கு மாற்றினார்கள். நானும் சந்தோஷமாகத்தான் போனேன், குளிர்சாதனம் உண்டே. டேவிட் அண்ணன் ஓய்வுபெற்றுக் குளுவாங்குக்குப் போனார். கோவிட் காலத்தில் ரோஸ்லி இறந்துபோனார். வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது, போய்ப் பார்க்கவும் முடியவில்லை. அதற்கப்புறம் நிர்வாகம் தொழிற்சாலையை மூடிவிட்டு வியட்நாமுக்குப் போனது.

பழைய இரும்புக்காரர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். மேசைகளை காஸ் வைத்து அறுத்து லாரியில் ஏற்றியாகிவிட்டது. வைஸ்களை மட்டும் கழற்றி ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். ரோஸ்லியுடையதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். பார்த்தால் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே பச்சை. பழைய வைஸில் சாதாரணமாக ஆளின் அடையாளம் இருக்கும். ரம்பம் வழுக்கிய வெட்டு, சுத்தியல் பள்ளம், இடதுகைக்காரராக இருந்தால் ஒரு பக்கமாகத் தேய்ந்த தாடை. இதிலோ ஒரு கீறல் இல்லை. டேவிட் அண்ணனுக்குப் பயந்து எல்லோரும் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். காரில் ஏற்ற முடிந்ததை மட்டும் வாங்கிவந்தேன். என் பொழுதுபோக்கு ஆரம்பித்தது அப்படித்தான்.

போன மாதம் டேவிட் அண்ணனுக்குப் போன் செய்தேன். காது சரியாகக் கேட்பதில்லை, கத்தித்தான் பேச வேண்டும். ரோஸ்லியின் வைஸில் ஏதாவது அடையாளம் இருந்ததா, உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"எல்லாம் ஒன்னா வாங்குனதும்மா. கழட்டிட்டா ஒன்னுதான். மேசையில இருந்தாத்தான் யாருதுன்னு தெரியும்."