ஈரம் படாத மருந்து

பலேர்மோவில் நான் வேலை செய்யும் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் துவக்குகள் தொங்குகின்றன. முதல்நாள் அவற்றைக் கண்டதும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன். சண்டை நடந்த ஊரில் துவக்கைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு நடந்து பழகியவள் நான். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் உடனே மறித்தார்.

"துவக்கு வைச்சிருக்கிற வீட்டிலையோ வேலை? வேண்டாமப்பா, வேறை இடம் பாப்பம்."

"வீட்டுக்கார மனிசி நல்லவ போலதான் கிடக்கு. ஒரு கிழமை போய்ப் பாக்கிறன்."

அந்த ஒரு கிழமை வருடங்களாக நீண்டுவிட்டது.

அந்த வீட்டுக்கார அம்மாவை நான் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். முன்பு பொய்ப்பல் செய்யும் வேலை பார்த்தவர். இப்போது ஓய்வில் இருக்கிறார். அவர் சேர்ப்பவை பழங்கால மாதிரி ரிவோல்வர்கள். தோட்டா போடுகிறவை அல்ல. சுழலும் உருளையின் ஒவ்வொரு குழியிலும் வெடிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை அழுத்தி, பின்பக்கத்தில் சின்னச் செப்புத் தொப்பி ஒன்றை மாட்டவேண்டும். அந்தத் தொப்பி அடிபட்டால்தான் மருந்து பற்றும். சில, உண்மையாகவே பழையவை. மற்றவை அதே அச்சில் இந்தக் காலத்தில் செய்து விற்பவை. எல்லாவற்றுக்கும் கெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் பதிந்த பத்திரம் இருக்கிறது.

கடையிலிருந்து வரும் புதியவை பளபளவென்று இருக்கும். சிஞ்ஞோராவுக்கு அந்தப் பளபளப்புப் பிடிக்காது. வினாகிரி பூசி மங்கவைப்பார். ஒலிவ் மரத்தில் புதுப் பிடி செதுக்குவார். ஒருமுறை, குழலைச் சுற்றி ஓர் இலைக்கொடியை, முன்பு பொய்ப்பல் செதுக்கிய அதே கருவிகளால் கீறியிருந்தார். உருப்பெருக்கியை என்னிடம் தந்து பார்க்கச் சொன்னார். அரிசியிலும் சிறிய ஒவ்வொரு இலையிலும் நரம்பு ஓடியிருந்தது. அன்றுதான் துவக்குப் பயம் என்னைவிட்டுக் கொஞ்சம் விலகியது.

போன குளிர்காலத்தில், மண்டரின் பழங்கள் பழுக்கும் நேரம், சியாகுல்லியில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு முதியவர் ஒரு ரிவோல்வரை விற்கக் கொண்டுவந்தார். பாட்டன் காலத்துச் சாமானாம். பத்திர வேலையெல்லாம் முடித்திருந்தார்.

"வெறுந் துவக்குத்தான், உள்ளுக்கு ஒண்டுமில்லை. சின்னனிலை இதாலைதான் விளையாடினனாங்கள்," என்று இத்தாலியனில் சொல்லிச் சிரித்தார். "நான் தங்கச்சியைச் சுடுவன். அவ செத்து விழுவா."

அவர் போனபின் சிஞ்ஞோரா மேசையில் துணி விரித்து, குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்தார். உருளை துருவேறி இறுகியிருந்தது. குழிகளின் வாயில் கறுப்பாக ஊத்தை அடைத்திருந்தது. பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைப் பிடித்து, ஒரு மரக்குச்சியால் அதை மெதுவாகச் சுரண்டினார். ஊத்தைக்குக் கீழே மெழுகு. மெழுகுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ மினுங்கியது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"நீர் வெளியிலை போம்," என்றார் மெல்ல.

"ஏன் சிஞ்ஞோரா?"

"இது நிரப்பிக் கிடக்கு."

நான் வெளியே போகவில்லை. வாசல்படியோடு நின்றுவிட்டேன். சிஞ்ஞோரா ரிவோல்வரில் மேற்கொண்டு கைவைக்காமல், பிரான்காச்சோவில் பட்டறை வைத்திருக்கும் துவக்குத் திருத்துநரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் வந்ததும் இரண்டு பேரும் வேலையைத் தொடங்கினார்கள். உருளையைக் கழற்றி, பின்பக்கத்தில் தொப்பி மாட்டும் ஆணி ஒன்றைத் திருகி எடுத்து, வெள்ளைச் சோசர் ஒன்றின் மேல் சாய்த்தார்கள். இடித்த மிளகைப் போல் கறுப்பு மணிகள் பொலபொலவென்று விழுந்தன. மெழுகு அவ்வளவு இறுக்கமாக மூடியிருந்திருக்கிறது. சேறாய்ப் போயிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

திருத்துநர் ஒரு சிட்டிகையைப் பல்கனியில் ஒரு செங்கல்லின் மேல் வைத்து, நீண்ட குச்சியால் தீயைக் காட்டினார். புஸ்ஸென்று ஒரு சுவாலை எழுந்தது. வெள்ளைப் புகையும் கந்தக மணமும் பரவின. அந்த மருந்தைக் கொட்டியவர் மண்ணோடு மண்ணாகி எத்தனையோ காலம். அவர் கொட்டியது மட்டும் நேற்றுக் கொட்டியதுபோல் என் கண்முன்னே எரிந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"பிள்ளையள் விளையாடேக்கை ஏன் வெடிக்கேல்லை?" என்று கேட்டேன்.

"தொப்பி இல்லை," என்றார் திருத்துநர். "விளையாட்டுத் துவக்குக்குப் போடுற வெடி ஒண்டைத் தொப்பி மாட்டுற இடத்திலை ஒட்டியிருந்தாலே போதும், வெடிச்சிருக்கும்."

சிஞ்ஞோரா அந்த முதியவருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். கூடவே தங்கையும் வந்தார். நரைத்த கூந்தல், கையில் ஊன்றுகோல். வெளியே எடுத்த குண்டுகளை சிஞ்ஞோரா ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார். தங்கை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"என்ன பாரம்," என்றார். "ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுவன். இவன் நான் சரியா விழேல்லை எண்டு திரும்பவும் சுடுவான்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தமையனால் சிரிக்க முடியவில்லை. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் போல் விம்மினார். "சரி, சரி, நான் இருக்கிறன்தானே," என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார் தங்கை. தனக்கு மூன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருப்பதாகத் தங்கை பிறகு கோப்பி குடிக்கும்போது சொன்னார். நான் அந்த மனிசியையே பார்த்துக்கொண்டு நின்றேன், என் கோப்பி ஆறிப்போனது.

அந்த ரிவோல்வரை சிஞ்ஞோரா மங்கவைக்கவுமில்லை, பிடி மாற்றவுமில்லை. துருவைக்கூட முழுதாக எடுக்காமல் சுவரில் மாட்டியிருக்கிறார். அதை நான்தான் துடைக்கிறேன்.