சாப்பிடும் கை

ஒருவர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவதுதான் என் பிழைப்பு. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கட்டிலிலிருந்து எழுவது, கழிப்பறைக்குப் போய்வருவது. அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் வீடு வீடாகப் போய் முதியவர்களிடம் இதையெல்லாம் கேட்கிறேன். "உனக்கென்னம்மா, கேள்வி கேட்டே சம்பாதிக்கிறே" என்று சென்னையிலிருந்து என் அண்ணன் போனில் கிண்டல் செய்வான். அவன் சொல்வதும் சரிதான். பதிலைக் காதில் வாங்காவிட்டால் இதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

ஒரு எகிப்திய அம்மாவிடம் எங்கள் அலுவலகம் அப்படித்தான் கேட்டிருந்தது. அவருக்கு அரபி மட்டுமே தெரியும். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது, கால்கள் தப்பித்தன. டாக்ஸி ஓட்டும் மகனோடு இரண்டாம் மாடியில் இருந்தார். தினமும் காலையில் எங்கள் அலுவலகம் அனுப்பும் ஒரு உதவிப் பெண் வந்து, குளிக்கவும் மற்றவற்றுக்கும் துணையாக இருந்துவிட்டுப் போவாள். பிறகு எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் மறுமதிப்பீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் அம்மாவே செய்துகொள்கிறார் என்று முழு மதிப்பெண் போட்டுவிட்டு வந்தார். தானே செய்துகொள்பவருக்கு ஆள் எதற்கு என்று உதவிப் பெண் நிறுத்தப்பட்டாள். கொஞ்ச நாளிலேயே அம்மா சமையலறையில் மயங்கி விழுந்தார். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அதன் பிறகுதான் என்னை அனுப்பினார்கள்.

நான் உள்ளே நுழைந்ததும் அம்மா ஒற்றைக் கையால் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். கண்ணாடி டம்ளர், மேலே புதினா இலை. ஒரே ஒரு டம்ளர்தான். உங்களுக்கு இல்லையா என்று சைகையில் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தார். அவருடைய உதடுகள் வெடித்திருந்தன.

மொழிபெயர்ப்பாளரை ஸ்பீக்கர் போனில் கூப்பிட்டேன். ஆண் குரல் வந்தது. சோபாவில் அம்மாவின் பக்கத்தில் மகன். கழிப்பறைக்குப் போய் நீங்களே சுத்தம் செய்துகொள்கிறீர்களா என்ற கேள்வி அரபியாகி அந்த அறைக்குள் விழுந்ததும், மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா தரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். "இறைவனுக்கு நன்றி, எந்தக் குறையும் இல்லை என்கிறார்" என்றது போன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறென்ன சொல்வார்? பெற்ற மகன் பக்கத்தில், முன்பின் தெரியாத ஆண் ஒருவர் போனில். நம் ஊர்ப் பெண்மணி யாராவது சொல்லிவிடுவாரா? எனக்கு முன்னால் வந்தவர் இதே பதிலைத்தான் கேட்டு, குறித்துக்கொண்டு, கிளம்பிப் போயிருக்கிறார். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று?

மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி சொல்லி வைத்தேன். தெருவைச் சுத்தம் செய்கிற வண்டி வருகிற நேரம், காரை மாற்றி நிறுத்துங்கள் என்று மகனைக் கீழே அனுப்பினேன். அவனும் விட்டால் போதும் என்று ஓடினான். கதவு சாத்தியதும் குளியலறையைக் காட்டி, என்ன கஷ்டம் என்று கையாலேயே கேட்டேன்.

அம்மா கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வலது கையால் இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு விட்டார். அது தொப்பென்று மடியில் விழுந்தது. பிறகு வலது கை விரல்களைக் குவித்து, கவளம் எடுப்பதுபோல் வாய்க்குக் கொண்டுபோனார். குளியலறைப் பக்கம் பார்த்து, இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். கண் கலங்கிவிட்டது.

இதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கழுவுகிற கை விழுந்துவிட்டது. இருப்பது சாப்பிடுகிற கை. அதை அந்தக் காரியத்துக்குக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. வெறும் காகிதத்தால் துடைத்துவிட்டுத் தொழுகைக்கு உட்காரவும் மனம் ஒப்பாது. அதனால் கழிப்பறைக்கே போக வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதை விட்டிருக்கிறார், சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார். ஆனாலும் விட்டுவிடாமல் போனில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கி அம்மாவை மறுபடியும் பேசவைத்தேன். இவ்வளவு நாள் அடக்கிவைத்ததெல்லாம் மடைதிறந்து வந்தது. நான் சைகையில் புரிந்துகொண்டதைத்தான் அந்தப் பெண்ணும் சொன்னாள்.

காரில் உட்கார்ந்தபடியே என் மேலதிகாரியைக் கூப்பிட்டேன். அவரும் சென்னைக்காரர்தான். எனக்கு எரிச்சலே அதனால்தான்.

"அவங்களுக்கு ரைட் ஹேண்ட் நல்லா வேலை செய்யுதுல்ல?" என்றார்.

"செய்யுது சார்."

"அப்போ பேப்பர் யூஸ் பண்ணலாமே. முடியும்னா முடியும்னுதான் ஸ்கோர் போடணும். பிடிக்கலைங்கறதெல்லாம் பர்சனல் பிரிஃபரன்ஸ். அதுக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாது. டாய்லெட்ல தண்ணி அடிக்கற ஒரு ஸ்ப்ரே வாங்கி ஃபிட் பண்ணச் சொல்லுங்க, நம்ம வீடுகள்ல இருக்கற மாதிரி."

நம்ம வீடுகளாம்!

"ஸ்ப்ரேயைப் பிடிக்க ஒரு கை, கழுவ ஒரு கை வேணும் சார். அவங்களுக்கு இருக்கறதே ஒண்ணுதான். அதுவும் சாப்பிடற கை. நாளைக்கு உங்களுக்கு லெஃப்ட் ஹேண்ட் விழுந்துட்டா, ரைட் ஹேண்டாலயே கழுவிட்டு வந்து ரசம் சாதம் பிசைஞ்சு சாப்பிடுவீங்களா?"

"ரொம்ப பர்சனலா பேசறீங்க" என்றார்.

"கேள்வியே பர்சனல்தானே சார். மகனை வெச்சுக்கிட்டு, ஸ்பீக்கர் போன்ல ஒரு ஆம்பளைகிட்ட பதில் சொல்லுங்கன்னு அந்தம்மாவைக் கேட்டோமே, அது மட்டும் பர்சனல் இல்லையா?"

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்கு வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்துப் பார்த்தாலே போதும் என்றுதான் கேட்டேன். "எழுதி அனுப்புங்க, பாக்கறேன்" என்று வைத்துவிட்டார். எழுதி அனுப்பினேன். அவர் பார்க்கவில்லை. மறுபடியும் அனுப்பினேன், கூப்பிட்டேன், நேரில் போய் அவர் மேஜை முன்னால் நின்றேன். அலுவலகத்தில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர் வந்தது. வரட்டும்.

கடைசியில் காலை உதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். காரணம் என்று போட்டிருந்தது மயங்கி விழுந்ததைத்தான். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆக, அடுத்த அரபி அம்மாவும் விழுந்துதான் காட்ட வேண்டும்.

அதற்கப்புறம் ஒருநாள் காலை அங்கே போனேன். உதவிப் பெண் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா டீ கொண்டுவந்தார். முதலில் எனக்கு ஒரு டம்ளர். திரும்பிப் போய் இன்னொன்றை எடுத்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். அந்த வலது கையால் டம்ளரைத் தூக்கி, என்னைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார். ஒரு மனுஷி தாகத்துக்குக் குடிக்க இத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது.