ஐவியின் பல்லில் பவுன் கம்பி

அம்மாக்கண்ணு 1909-ஆம் ஆண்டு பிறந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் பார்பரா. அந்தப் பெயரால் அவரைப் பாதிரியாரைத் தவிர வேறெவரும் அழைத்ததில்லை. தோட்டத்தில் அவர் கடைசிவரை அம்மாக்கண்ணுதான். 1931-இல் கணவருடனும் ஒரு வயதுக் குழந்தையுடனும் தாப்பாவிலிருந்து லோரியில் ஏறி, கேமரன் மலைக்கு வந்தார். கணவர் அருள்சாமி தேயிலை ஆலையில் இன்ஜின் பிட்டர். மாதச் சம்பளம் இருபத்தெட்டு வெள்ளி. அம்மாக்கண்ணுவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. நாட்கூலி நாற்பது காசு. ஒரே மகள் ஐவி.

ஐவிக்குப் பத்து வயதானபோது அவளுடைய மேல் முன்பற்கள் நான்கும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றன. அது அழகைப் பற்றிய கவலை அல்ல. கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் குத்தி, ஆறாத புண் உண்டாகியிருந்தது. சோற்றைக் குழைத்து ஆறவைத்தால்தான் அவளால் விழுங்க முடியும். ஈப்போவிலிருந்த சீனப் பல் மருத்துவர் ஒருவர் அவளைப் பார்த்தார். கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி, முன்பற்களின் குறுக்கே கம்பி கட்டி, மாதந்தோறும் முடுக்கிவந்தால் இரண்டரை ஆண்டில் பற்கள் உள்ளே வந்துவிடும் என்றார். வாயில் கிடந்து துருப்பிடிக்காமலிருக்கத் தங்கம் கலந்த கம்பி. கட்டணம் தொண்ணூறு வெள்ளி, நான்கு தவணை.

1941 பிப்ரவரியில் கம்பி கட்டப்பட்டது. நவம்பரில் கடைசித் தவணை கொடுத்தாயிற்று. நான்கு ரசீதுகளும் இன்றும் குடும்பப் பெட்டியில் இருக்கின்றன. தொண்ணூறு வெள்ளி என்பது கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் இருநூற்று இருபத்தைந்து நாள் கூலி. அருள்சாமியின் சம்பளம் வயிற்றுக்குப் போனது. அம்மாக்கண்ணுவின் கூலி மகளின் வாய்க்குப் போனது. கடன் ஒரு காசு இல்லை. இதை முதலில் சொல்லிவைப்பது அவசியம். பின்னால் நடந்தவற்றில், அந்தக் கம்பி ஏதோ வரம்பு மீறிய ஆடம்பரம் என்பதுபோலப் பேசியவர்கள் உண்டு.

கொழுந்து மலையில் அதைக் கேலி பேசாத வாய் இல்லை.

"ஏன்டி அம்மாக்கண்ணு, எல்லாரும் பொம்பளப் பிள்ளைக்குப் பவுனக் கழுத்துல போடுவாங்க. நீ என்னாடி வாயில போட்டு வெச்சிருக்க?" என்று பக்கத்து நிரையிலிருந்து மணியம்மா கேட்பார்.

"கழுத்துல போட்டா கண்டவன் அத்துக்கிட்டுப் போயிருவான். வாயில கைய விட்டா எம் மக கடிச்சுப்புடுவாள்ல."

"மாப்பிள்ள வர்றப்ப சிரிக்கச் சொல்லு, போதும்லா. வேற சீர் வேணாம்."

கூடை நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு மலையிறங்கி ஆபீசுக்கும் போனது. அங்கே கணக்கெழுதும் கிராணி தங்கராஜு இருந்தார்.

டிசம்பரில் சண்டை வந்தது. துரைமார் இறங்கிப் போனார்கள். ஜப்பானியர் ஏறி வந்தார்கள். ஆலை நின்றது. தேயிலைச் செடியைப் பிடுங்கி மரவள்ளியும் வற்றாளைக் கிழங்கும் நடச் சொன்னார்கள். ஈப்போவுக்குப் போக வண்டியில்லை, பாஸ் இல்லை. போய்வந்த ஒருவர், மருத்துவரின் கடை பூட்டிக் கிடக்கிறது என்றார். கடைசியாகப் பார்த்தபோது அந்த மருத்துவர் சொல்லியிருந்தது இது: கம்பியை நான் கழற்றும்வரை வேறு யாரும் தொடக்கூடாது, பற்கள் நிலைகொள்ளுமுன் கழற்றினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

அதற்குள் முன்பற்கள் பாதிக்குமேல் உள்ளே வந்திருந்தன. அண்ணத்துப் புண் ஆறிவிட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஐவி, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, வறுத்த கடலையைக் கடித்துத் தின்றாள்.

ஆகவே அம்மாக்கண்ணு கம்பியைக் காவல் காத்தார். காலையும் மாலையும் கொய்யாக் குச்சியின் நுனியை நாராக மென்று கொடுத்து, கம்பியின் இடுக்குகளைத் துலக்கச் செய்தார். பிறகு உப்புத் தண்ணீர். 1943-இல் உப்பு தங்கத்தின் தம்பியாகிவிட்டிருந்தது. வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டைக் கட்டாகக் கொடுத்தாலும் ஒரு கைப்பிடிதான் கிடைக்கும். அந்த வீட்டில் மரவள்ளிக்கிழங்கு உப்பில்லாமல் வெந்தது. ஐவியின் வாய்க்கு மட்டும் உப்பு இருந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதம் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொன்னார்கள். தோட்டத்துக்கு இருபது பேர் என்று கணக்கு. யார் அந்த இருபது பேர் என்று எழுதும் வேலை தங்கராஜுவிடம் வந்தது.

இங்கே தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் பெரட்டு, எல்லோரும் வரிசையில் நிற்க, கிராணி பெயர் கூப்பிட்டுச் செக்குரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பென்சிலால் குறிப்பார். மாலையில் கொழுந்து நிறுத்தபின் அதன்மேல் மை போடுவார். காலையில் பென்சில், மாலையில் மை. பென்சிலில் இருக்கும்வரை எதையும் மாற்றலாம். மை விழுந்தால் துரையே வந்தாலும் மாற்ற முடியாது. இப்படியொரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளில் அம்மாக்கண்ணு, தவறாகக் குறித்த அரைநாள் கூலியை மூன்று முறை ஆபீஸ் ஜன்னலில் நின்று இப்படி மீட்டிருக்கிறார்.

கிராணி அவரை அதே ஜன்னலுக்குக் கூப்பிட்டனுப்பினார். தாளைத் திருப்பிக் காட்டினார். பதினாலாம் வரியில் அருள்சாமியின் பெயர்.

"ஐயா, அவரு பிட்டரு. நாளைக்கே ஆலை ஓடுனா இன்ஜின யாரு பாப்பா?"

"ஓடறப்ப பாத்துக்கலாம். ஜப்பான்காரன் இருபது தலை கேக்கறான். நான் என்ன, தலையக் கிழங்கு மாதிரி மண்ணுலேர்ந்தா தோண்டிக் குடுக்க?" என்றார் தங்கராஜு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நல்லாப் பாரு. பென்சில்லதான் எழுதியிருக்கேன். ரப்பர் ஒரு இழுப்பு, அவ்வளவுதான்."

"நாங்க என்னா ஐயா செய்யணும்?"

"ஒம் மக வாயில என்னாமோ பளபளங்குதாமே. மண்ணெண்ண கெடைக்காத காலத்துல, அந்தப் பிள்ள வாயத் தொறந்தா லயத்து வீட்டுக்கெல்லாம் வெளிச்சமாம்."

"அது நகை இல்ல ஐயா. வைத்தியம். இப்பக் கழட்டுனா பல்லு மறுபடியும் வெளிய வந்துரும்."

"வரட்டுமே. பல்லு வெளிய வந்து யாரும் செத்ததில்ல. சயாமுக்குப் போனவன் கதை வேற மாதிரி கேக்குது. நாளைக்கு மத்தியானம்வரைக்கும் மை போடாம வெச்சிருக்கேன், ஒனக்காக."

ஒனக்காக என்றார். அந்தச் சொல்லை அம்மாக்கண்ணு சாகும்வரை மறக்கவில்லை.

வீட்டில் அம்மாக்கண்ணு நடந்ததை அருள்சாமியிடம் சொன்னார்.

"எம் பேர அழிக்க எம் பிள்ள வாயில கை வெக்கணுமா? முடியாது. மூணு மாசம்தான, போயிட்டு வர்றேன்."

"மூணு மாசம்னு அவன் சொல்றான். முன்ன போனவங்க யாராச்சும் வந்தாங்களா?"

"அந்தக் கம்பியத் தொட்டேன்னு வெய்யி, இந்த வீட்டுல நான் கஞ்சி குடிக்க மாட்டேன்."

மறுநாள் காலை அவர் மரவள்ளிக்காட்டுக்குப் போனபின், அம்மாக்கண்ணு அவருடைய ஆயுதப்பெட்டியைத் திறந்து சின்ன இடுக்கியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐவிதான் வந்து எதிரே குந்தினாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

"கம்பி போனா பல்லுதான்ம்மா போவும்," என்றாள். வாயைத் திறந்தாள்.

முன்கம்பி இரண்டு வெட்டில் வந்துவிட்டது. வளையங்கள் வரவில்லை, மருத்துவர் அவற்றைப் பசை வைத்து இறுக்கியிருந்தார். ஒவ்வொன்றையும் கவ்வி, அசைத்து, நிறுத்தி, மறுபடியும் அசைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது வளையத்தோடு கடைவாய்ப் பல்லின் ஒரு சில்லும் பெயர்ந்து வந்தது. ஐவி துண்டின் முனையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தாள். இரத்தம் நின்றபின், வீட்டிலிருந்த கடைசி உப்பைக் கரைத்து அம்மாக்கண்ணு வாய் கொப்பளிக்கச் செய்தார்.

நண்பகலுக்கு முன்பே ஜன்னலில் போய் நின்றார். அவர் நீட்டிய துணிமுடிச்சைத் தங்கராஜு அவிழ்த்து, கம்பியையும் வளையங்களையும் கடிதம் நிறுக்கும் தராசில் போட்டார்.

"இவ்வளவுதானா? ஊரெல்லாம் பேசிக்கிட்டதுக்கு இது மூக்குத்திக்குக் காணாது போலருக்கே."

"அவ்வளவும் அதான் ஐயா. பேர அழிங்க."

அவர் ரப்பரை எடுத்தார். அம்மாக்கண்ணுவுக்கு எழுத்துத் தெரியாது. வரி எண்ணத் தெரியும். பதினாலாம் வரி தம் கண்முன்னே வெறுமையாவதைப் பார்த்தார். ரப்பர் தூளைக் கிராணி ஊதித் தள்ளினார். அம்மாக்கண்ணு கும்பிட்டுவிட்டு வந்தார். கும்பிட்டார் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அன்று மாலை அருள்சாமி திரும்பியபோது, ஐவி முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். காய்ச்சல் என்றார் அம்மாக்கண்ணு. பெயர் அழிந்துவிட்டது என்ற செய்தியை, லோரி வந்து போனபின் சொல்லலாம் என்று வைத்திருந்தார்.

அடுத்த நாள் பெரட்டுக்கு லோரி வந்து நின்றது. ஒரு ஜப்பானிய அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் இறங்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் கையிலிருந்த தாளைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டார். பதினாலாவது பெயர் அருள்சாமி.

அம்மாக்கண்ணு வரிசையை விட்டு வெளியே வந்தார். தோட்டத்துப் பெண் பெரட்டு வரிசையை விட்டு வெளியே வருவது அதற்குமுன் நடந்ததில்லை.

"கிராணி ஐயா, பதினாலாம் வரிய அழிச்சீங்களே. என் கண்ணு முன்னாடி அழிச்சீங்களே."

தங்கராஜு தொப்பியைச் சரிசெய்தார். "அது எங்கிட்ட இருக்கற தாளு. மேல போனது வேற தாளு. நான் என்ன பண்ண?"

"அப்ப எம் பிள்ளையோடதத் திருப்பிக் குடுங்க."

"எது? என்ன குடுத்த நீ? எல்லாரும் நிக்கறப்ப மரியாதையாப் பேசு."

கங்காணி கருப்பையா பிற்பாடு பாதிரியார் முன்னிலையில் சொன்ன வாக்குமூலம் இது: மை போட்டு எழுதிய இருபது பேர் பட்டியலை, ரிங்லெட்டிலிருந்த ஜப்பானியர் ஆபீசுக்கு நடந்துபோய்க் கொடுத்தவர் இந்தக் கருப்பையாவே. கொடுத்த நாள், கிராணி அம்மாக்கண்ணுவை ஜன்னலுக்கு அழைத்ததற்கு முந்திய நாள். கம்பியைக் கேட்கும்போதே பெயர் மலையிறங்கிப் போய்விட்டிருந்தது. அம்மாக்கண்ணு செய்த தவறு ஒன்றே: தோட்டத்தில் பென்சிலுக்கு இருந்த மரியாதையை அவர் நம்பினார். அந்த மரியாதையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே அதை விற்றுக் காசாக்குவார் என்று நினைக்கவில்லை.

அருள்சாமி லோரிப் பலகையில் காலை வைத்தவர் திரும்பினார். மனைவி பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. வரிசையின் ஓரத்தில் துண்டு கட்டிய முகத்தோடு நின்ற மகளைப் பார்த்தார்.

"கழட்டிட்டியா?" என்றார்.

அம்மாக்கண்ணு தலையசைத்தார்.

அவர் திட்டவில்லை. "இடுக்கியத் தொடச்சு எண்ண போட்டு வெய்யி. துருப்பிடிச்சிரும்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

இருபது பேரில் ஆறு பேர் திரும்பினார்கள். அருள்சாமி 1943 செப்டம்பரில் ஒரு முகாமில் காலராவில் இறந்ததாக அவர்களில் ஒருவர் சொன்னார். எந்த முகாம், எந்தத் தேதி என்பது எவருக்கும் தெரியாது. ஐவியின் பற்கள் எட்டே மாதத்தில் பழைய இடத்துக்குத் திரும்பின; அண்ணத்தில் மறுபடியும் புண் வந்தது.

ஜப்பானியர் போனார்கள். துரைமார் வந்தார்கள். கிராணி எங்கும் போகவில்லை. செக்குரோல் தெரிந்தவர் வேண்டும் என்று அதே மேசையில், அதே ஜன்னலுக்குப் பின்னால் அவரை உட்காரவைத்தார்கள். 1946-இல் உபதேசியார் கிரகரி எழுதித்தர, அம்மாக்கண்ணு தோட்ட ஆபீசுக்கு ஒரு மனுக் கொடுத்தார். நான்கு ரசீதுகளின் நகலும் கருப்பையாவின் வாக்குமூலமும் அதனுடன் இருந்தன. ஐந்து வாரம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது: தொழிலாளர் எவரும் நகை ஒப்படைத்ததாகப் பதிவு இல்லை.

கிரகரி படித்துச் சொன்னபோது அம்மாக்கண்ணு கேட்டது இதுதான்: "நகைன்னு நான் எங்க சொன்னேன்? பல்லுக் கம்பின்னுதான சொன்னேன்?"

அதற்குமேல் அவர் மனு எழுதவில்லை. ஜப்பானியர் கேட்டது இருபது ஆள். குழந்தையின் வாயிலிருந்த கம்பியை அவர்கள் கேட்கவில்லை. அதைக் கேட்டவர் 1954-இல் பணிக்கொடையும் மாலையும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார். அவருக்கு வைத்த வழியனுப்பு விருந்துக்கு எல்லாத் தொழிலாளரிடமும் தலைக்கு ஐம்பது காசு வசூலித்தார்கள். அம்மாக்கண்ணு கொடுக்கவில்லை. கேட்டு வந்தவரிடம், "என் பங்க அவரு முன்னமே வாங்கிட்டாருன்னு சொல்லு," என்று அனுப்பிவைத்தார்.

ஈப்போவில் அந்த மருத்துவர் 1947-இல் கடையைத் திறந்தார். பதினேழு வயது ஐவியின் வாயை வெகுநேரம் பார்த்தார். சில்லுப் பெயர்ந்த கடைவாய்ப் பல்லை விரலால் தடவினார். யார் கழற்றியது என்று கேட்டார். "நான்தான்," என்றார் அம்மாக்கண்ணு. இம்முறை எஃகுக் கம்பி. கட்டணம் நூற்று எண்பது வெள்ளி. பழைய ரசீதுகளைப் பார்த்தபின் மருத்துவர் பத்து வெள்ளி குறைத்தார். மறுபடியும் செடி நட்டு, மறுபடியும் கொழுந்து விட்ட மலையில் அம்மாக்கண்ணு அந்தப் பணத்தைப் பறித்தெடுத்தார். 1949 அக்டோபரில், பற்கள் நிலைகொண்டபின், மருத்துவர் தம் கையாலேயே கம்பியைக் கழற்றினார்.

முதல் கம்பிக்குத் தொண்ணூறு வெள்ளி. இரண்டாம் கம்பிக்கு நூற்றெழுபது வெள்ளி. மொத்தம் இருநூற்று அறுபது வெள்ளி; ரசீதில் உள்ள கணக்கு அவ்வளவுதான்.