சுவரில் நான் பிறகு வரைந்த குறி

சேகருக்கு வழி காட்டியிருக்க வேண்டிய அம்புக்குறியை, அவன் பள்ளத்தில் விழுந்த பிறகுதான் நான் வரைந்தேன்.

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யாரோ என்பதால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது... அதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரிலிருந்து மூவர் கிளம்பினோம். நான், என் அலுவலக நண்பன் மஞ்சுநாத், பள்ளி நாளிலிருந்து என்னோடு இருக்கும் சேகர். சேகர் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். தங்கவயல் பக்கம் கைவிடப்பட்ட பழைய சுரங்கம் ஒன்றுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சேகருக்கு அதில் விருப்பமே இல்லை. அவன் அப்பா சுரங்கத்தில் முப்பது வருடம் உழைத்தவர். நிலத்தடி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். நான் நச்சரித்ததால் வந்தான்.

வந்தவன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும், வெளியே போகும் திசையைக் காட்டிச் சுவரில் அம்பு போட வேண்டும். அவன் அப்பாவும் அவருடன் வேலை பார்த்தவர்களும் அப்படித்தான் செய்வார்களாம். "குறி இல்லாம ஒரு அடி வெக்கக் கூடாதுன்னு அப்பா சொல்வாரு மச்சா," என்று சாக்பீஸை என்னிடம் கொடுத்தான். டார்ச்சோடு அவன் முன்னால் நடந்தான். கடைசியில் வருபவன் குறி போட வேண்டும். கடைசியில் வந்தவன் நான்.

முதல் பிரிவில் போட்டேன். இரண்டாவதிலும் போட்டேன். மூன்றாவதில்... செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பாறையில் ஏதோ மினுமினுத்தது. திரும்பும்போது வழி தெரியாமலா போய்விடும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவுதான்!

சற்றுத் தூரம் போனதும் மஞ்சுநாத்தின் கால் சுளுக்கிக்கொண்டது. அவனால் ஊன்ற முடியவில்லை. காரிலிருந்து கட்டுத்துணி எடுத்துவரச் சேகர் தனியாகக் கிளம்பினான்.

"எல்லா இடத்துலயும் குறி போட்டல்ல?"

"போட்டேன்டா, போ."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஓர் இடத்தில் விட்டுவிட்டேன் என்றால் திட்டுவான். வேறொன்றுமில்லை. ஒரு திட்டுக்குப் பயந்து நண்பனைக் குழிக்கு அனுப்பிய மனிதனை நீங்கள் பார்த்ததுண்டா?

குறி இல்லாததால், அது வழி பிரியும் இடமென்றே அவனுக்குத் தோன்றவில்லை. நேரே நடந்திருக்கிறான். அங்கே பள்ளம். அலறல் கேட்டு ஓடினேன்.

மூன்றாவது பிரிவில் என் கால்கள் நின்றுவிட்டன. இனி எல்லோரும் இந்தச் சுவரைப் பார்ப்பார்கள் என்று ஒரு நினைப்பு. உள்ளே அவன் "மச்சா... மச்சா..." என்று என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சாக்பீஸை எடுத்தேன். அம்பு வரைந்தேன். கோணல் இல்லாமல், நிதானமாக வரைந்தேன்! அதன் பிறகுதான் அவனிடம் போனேன்.

ஊர்க்காரர்கள் கயிறு கொண்டுவந்து அவனை மேலே தூக்கினார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. சுமந்துகொண்டு போகும்போது அவன் அந்தச் சுவரைப் பார்த்தான். வலியையும் மறந்து, "குறி இருக்கேடா... நான் எப்படிப் பார்க்காம போனேன்?" என்று கேட்டான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இருட்டுடா, விடு," என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அவன் அப்பா என் கையைப் பிடித்து, "நீ சரியாத்தான் செஞ்சிருக்கே கண்ணு," என்றார். பிறகு மகனிடம், "கண்ணுக்கு நேரா இருக்கறதே தெரியல. நீ எப்படிடா ரோட்டுல வண்டி ஓட்டுற?" என்றார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சேகர் அதை விடவே இல்லை.

கால் ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது. காரை மட்டும் அவன் மறுபடி எடுக்கவில்லை. "என் கண்ணையே நம்ப முடியல மச்சா, நாலு பேரை ஏத்திக்கிட்டு எப்படி ஓட்டறது?" என்றான். இப்போது ஆனேக்கல் பக்கம் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறான். வாசலைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து பார்ப்பதாக அவன் மனைவி என்னிடம் சொல்லி அழுதாள். என்னிடம்!

போன வாரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று அடுகோடிக்கு, அவன் வீட்டுக்குப் போனேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். தொண்டை வரை வந்தது... சொன்னால் அவனுக்கு அவன் கண்கள் திரும்பக் கிடைக்கும். எனக்கு அவன் இருக்க மாட்டான். இதைத் தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு பஸ் வந்தது. அவன் போர்டைப் பார்த்தான். கன்னடம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் என் தோளைத் தொட்டான்.

"ஆனேக்கல் வண்டிதானே மச்சா? நீ பார்த்துச் சொல்லிடு."

"ஆமாடா, ஏறு," என்றேன்.

மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டான்.