ஐந்து போர்ட்டும் கழுவிய நூலும்

பச்சை நூல் எந்தப் போர்ட்டில் கட்டியிருந்தது? மூன்று கிழமைகளாக இந்தக் கேள்வியோடுதான் எழும்புகிறேன். என் சமையலறைத் தட்டில் ஒரு பால்மா டின். அதற்குள் பத்து நூல்துண்டுகள்: சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, பச்சை, நிறத்துக்கு இரண்டாக. மருதமுனைத் தறிக்காரரிடம் வாங்கிய, சாயம் போகாத நூல். நானே சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவைத்து, சிக்கெடுத்துச் சுற்றி வைத்தேன். அந்தச் சுத்தத்தைப் பார்க்கப் பார்க்க என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நூல்கள் என் சின்ன மாமாவுடையவை. உம்மாவின் கடைசித் தம்பி அவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், கொழும்பில் பூட்டப்பட்ட ஒரு வீடியோ கேம் கடையிலிருந்து, திரையும் பட்டனும் உள்ள ஆளுயரக் கேம் பெட்டி ஒன்றை லொறியில் ஏற்றி வந்து தன் வீட்டு முன்னறையில் வைத்தார். ஒரு மாதத்தில் பொடியன்மாருக்கு அந்த ஒரே விளையாட்டு அலுத்துவிட்டது. இரண்டாவது பெட்டி வைக்க அறையில் இடமில்லை. ஆகவே மாமா பழைய கேம் போர்ட்டுகளை, அதாவது ஒவ்வொரு விளையாட்டும் பதிந்த சர்க்கியூட் பலகைகளை, தேடித் தேடி வாங்கி, ஐந்தையும் அந்த ஒரே பெட்டியின் வயிற்றுக்குள் தட்டுத் தட்டாக அடுக்கினார். பழுதான ஃபேனிலிருந்து கழற்றிய குமிழைப் பக்கப் பலகையில் பொருத்தினார். ஃபேனின் ஐந்து வேகங்களும் ஐந்து விளையாட்டுகளாகின. ஒன்றில் விமானம், இரண்டில் குத்துச்சண்டை, மூன்றில் உதைபந்து, நான்கில் செங்கல் உடைப்பது, ஐந்தில் பூச்சி சுடுவது. வெள்ளி ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாசலில் கூட்டம் நிற்கும். "ஒண்டுல வைங்க மாமா" என்று ஒருவன் கத்துவான். "ஒன்ட வாப்பாட ஃபேனாடா இது? வரிசையில நில்லு, மறுகா பாப்பம்" என்பார் மாமா. எனக்கு மட்டும் சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஏறி நின்று விளையாட விடுவார். ஆனால் பின்கதவைத் திறந்து அவர் வேலை செய்யும்போது நானும் கிட்டப் போகக்கூடாது.

உள்ளே ஐந்து போர்ட்டுக்கும் ஐந்து பிளக். எந்தப் பிளக்கும் எந்தப் போர்ட்டிலும் இறுகப் பொருந்தும், ஆபத்தே அதுதான். ஒவ்வொரு போர்ட்டும் ஒவ்வொரு கம்பெனியுடையது. ஒன்றுக்கு ஐந்து வோல்ட் போகும் கம்பியில் இன்னொன்றுக்குப் பன்னிரண்டு போகும். மாற்றிச் செருகினால் போர்ட் கருகிவிடும். அதனால் பிளக்கில் ஒரு நிறம், அதற்குரிய போர்ட்டில் அதே நிறம் என்று நூல் கட்டியிருந்தார். கம்பிகளில் அடையாளம் எழுதும் பழக்கம் அவருக்கில்லை.

போன வருடம் மாமாவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு மகளுக்குப் போனது. மாமாவும் மாமியும் பின்வளவில் கட்டிய இரண்டு அறைகளுக்கு மாறினார்கள். பெட்டிக்கு அங்கே இடமில்லாததால் என் வீட்டுக்கு வந்தது. இறக்கி வைத்துவிட்டு மாமா அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. என்னையும் அவர் மகள் என்றுதான் கூப்பிடுவார். "மகள், வீட்டக் குடுத்துட்டன், சந்தோசம். அது கொத்தன் கட்டின வீடு. இது என்ட கையால செஞ்சது. தூசி தட்டு, பெயின்ட் அடி, என்னெண்டாலும் செய். நூல மட்டும் தொடாத" என்றார். நான் "ஓம் மாமா" என்றேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறதென்று வீடு முழுக்கத் துடைக்கத் தொடங்கினேன். என் மகளுக்கு நான்கு வயது, முட்டு வருத்தம். பெட்டிக்குப் பக்கத்தில் விளையாடிய அன்று இரண்டு தடவை மூச்சு இழுத்தது. பின்கதவைத் திறந்தால் இருபது வருடத் தூசி. நூல்களில்தான் அதிகம், பஞ்சு போலத் தொங்கியது. பிளக்குகளைக் கழற்றிப் போர்ட்டுகளை வெளியே எடுத்தேன். நூல்களைக் கழற்றிக் கழுவிவிட்டு அப்படியே திருப்பிக் கட்டலாம் என்றுதான் நினைத்தேன். படம் எடுத்து வைக்க வேண்டுமென்று ஃபோனைக் கையில் எடுத்ததும் நினைவிருக்கிறது. அந்த நேரம் மகள் இருமினாள், ஓடினேன். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கழற்றத் தொடங்கினேன். பத்தும் வாளிக்குள் மிதந்தபோதுதான் படம் எடுக்கவேயில்லை என்பது நினைவுக்கு வந்தது. நூல் இருந்த இடத்தில் ஒரு தடமாவது இருந்திருக்கும். அதையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தேன்.

"நீ பொறக்கக்குள்ளயே துணியும் கையுமாத்தான் பொறந்திரிப்பாய்" என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிவி திருத்துபவரைக் கூப்பிட்டேன். அவர் போர்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஜப்பான் எழுத்து, எந்தப் போர்ட் எந்த விளையாட்டு என்றே தெரியவில்லை. "தங்கச்சி, இதுக்கு ஊகத்துல கரண்ட் குடுக்கேலா. செத்தா செத்ததுதான். பொருத்தின ஆளுட்டயே கேளுங்க" என்று சொல்லித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

கேட்டேன். நேராகக் கேட்கத் துணிவில்லை. ஃபோனில் சுகம் விசாரித்துவிட்டு, "மாமா, பச்சை நூல் எந்த கேமுக்கு?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப ஆருக்கு ஞாபகம் இரிக்கி மகள்? அதுக்குத்தானே நூலக் கட்டின. பாத்தாத் தெரியும்" என்றார். அதோடு விடவில்லை. "பெருநாளைக்கு வாறன். அஞ்சையும் ஓட விட்டுப் பாப்பம். ஒன்ட மகளையும் சோடாப் பெட்டியில ஏத்தி வைப்பம்."

சரி மாமா என்று வைத்துவிட்டேன். அவர் மறந்ததையெல்லாம் அந்த நூல்கள்தான் வைத்திருந்தன என்று அப்போதுதான் விளங்கியது. இனி நான் உண்மையைச் சொன்னாலும் பெட்டி ஓடப்போவதில்லை. அவருக்கு வலிப்பதுதான் மிச்சம். சொல்லாவிட்டால், பெருநாள் உடுப்போடு அவரே பின்கதவைத் திறந்து பார்ப்பார். ஏதோ ஒரு நிறத்தை ஏதோ ஒன்றில் கட்டிவிடலாமா என்று ஒரு காலை நினைத்தேன். அவர் நூலை நம்பிக் குமிழைத் திருப்புவார், போர்ட் கருகும். அந்த நினைப்புக்காகவே அன்று முழுதும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதை வாசிப்பவர்களில் இப்படிப்பட்ட பழைய போர்ட்டுகளில் வேலை செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: கரண்ட் கொடுக்காமல், எந்தப் பிளக் எந்தப் போர்ட்டுக்கு என்று கண்டுபிடிக்க வழியுண்டா? ஒரு போர்ட்டுக்காவது? வேலை தெரியாதவர்களும் இதற்குப் பதில் சொல்லலாம்: மாமா பின்கதவைத் திறக்குமுன் இந்த டின்னை நானே அவர் கையில் கொடுத்துவிடவா? கொடுக்கும்போது முதலில் என்ன சொல்ல? பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.