சீட்டுக்கு அடியில் மஞ்சள் முடிச்சு

எங்கள் வீட்டில் யாராவது "சும்மா" என்று சொன்னால் உடனே சந்தேகம் வந்துவிடும். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று ஒரு சொந்தக்காரர் சொன்னால், ஒன்று கையில் கல்யாணக் கார்ட் இருக்கும், இல்லையென்றால் மனதில் சண்டை இருக்கும். ஆகவே, கண்டியிலிருந்து கதிர்காமத்துக்கு ஒரே நாளில் சைக்கிளில் போகப் போகிறேன் என்று மாமா சொன்னதும், எதற்கு என்று அம்மா கேட்க, "சும்மாதான்க்கா" என்று அவர் சிரித்ததும், நானும் அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். அதுவரை கடைக்குப் போய் பாண் வாங்கிவரச் சொன்னால்கூட த்ரீவீலர் பிடிக்கிற மனிதர். அவர் போய் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மிதிப்பாராம், அதுவும் சும்மா!

எங்கள் ஆட்கள் கதிர்காமத்துக்குக் கஷ்டப்பட்டுப் போகிறார்கள் என்றால் அது நேர்த்திக்கடன். நடந்து போனாலும் சரி, காவடி எடுத்தாலும் சரி, பின்னால் ஒரு காரணம் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், மகனுக்கு விசா, கோர்ட்டில் வழக்கு என்று ஏதாவது ஒன்று. பஸ் ஓடுகிற பாதையில் காரணமே இல்லாமல் உடம்பை வருத்திக்கொண்டு போகிற ஆளை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. "ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேரு போறோம். அந்த ரோட்ல ஏத்தம் கம்மி, அவ்வளவுதான்" என்று மாமா எத்தனையோ தடவை சொன்னார். அம்மா நம்பவில்லை. அம்மா நம்பாததை நான் எப்படி நம்புவது?

ஆறாம் வகுப்பில் படித்த எனக்குத் துப்பறிகிற வேலை நன்றாகப் பிடித்துப்போனது. மாமா விடியற்காலை எழும்பி கடுகண்ணாவை ஏற்றம்வரை போய்வருவார். வந்ததும் கழுத்தில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணுவார். கொத்துரொட்டியை விட்டுவிட்டு அவித்த வற்றாளைக் கிழங்கும் வாழைப்பழமும் தின்றார். பாமசியிலிருந்து தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள் பைக்கற்றும் குளுக்கோசும் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தார். தொடைக்கு ஏதோ களிம்பு பூசும்போது கதவைப் பூட்டிக்கொண்டார். இரண்டே மாதத்தில் அவருடைய காற்சட்டையெல்லாம் இடுப்பில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கெலிஓயாப் பக்கம் போய் வந்தவர் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் எல்லாவற்றையும் ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். முடிவு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாமாவுக்குப் பெரிய சீக்கு. அதற்குத்தான் நேர்த்தி.

"விரதம் இருக்கிறவன் காலையில மூணு முட்டை தின்பானா?" என்று அப்பா நியாயம் கேட்டார். அவர் மாநகரசபையில் கிளார்க். எதற்கும் அத்தாட்சி வேண்டும் அவருக்கு. அம்மா மாமாவிடம் வேறொரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"முடியலைன்னா என்ன செய்வே?"

"பின்னாடி வேன் வருதுக்கா. ஏறிக்குவேன்."

"ஏறக்கூடாது தம்பி. போறதுன்னா முழுசாப் போ, இல்லாட்டி போகாத."

குற்றவாளியிடமிருந்து உண்மையைக் கறக்க அம்மா போடும் பொறி இது என்று நான் நினைத்தேன். என் அம்மா எவ்வளவு கெட்டிக்காரி என்று பெருமையாகவும் இருந்தது. அவள்மேல் எனக்கு அப்போது ஒரேயொரு குறைதான். வலது கையைத் தூக்க முடியவில்லை என்று சொல்லி எனக்குப் பின்னல் போடுவதை நிறுத்திவிட்டாள். நானே போட்ட பின்னல் கோணல்மாணலாக இருந்ததைப் பார்த்து வகுப்பில் சிரித்தார்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து, அலுமாரிக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த சைக்கிளைச் சோதனை போட்டேன். சீட்டுக்கு அடியில் கைவிட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால், கம்பியோடு சேர்த்துக் கட்டிய ஒரு மஞ்சள் துணி முடிச்சு, உள்ளே ஒரு காசு. நேர்த்தி வைக்கிறவர்கள் மஞ்சளில் நனைத்த துணியில் காசு முடிந்து வைப்பது எனக்குத் தெரியும். எழுதி வைத்ததெல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. தலை துவட்டிக்கொண்டு வந்த மாமாவைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"உங்களுக்கு என்ன சீக்கு மாமா? செத்துப் போயிடுவீங்களா?"

அவர் திகைத்துப்போய், நான் காட்டிய இடத்தில் மண்டியிட்டுப் பார்த்தார். துணியை விரலால் தடவினார். அது என் பழைய வெள்ளை ஸ்கூல் யூனிபோமில் கிழித்து மஞ்சளில் நனைத்த துண்டு. ஓரத்தில் அம்மா போட்ட தையல் அப்படியே இருந்தது. மாமா குசினிப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே அம்மா இடது கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இது என்னுதுதான் பாப்பா. சின்ன சீக்குதான், சரியாயிடும். நீ பாத்தேன்னு அம்மாகிட்ட சொல்லாத, என்ன?"

கடைசியில் ஒத்துக்கொண்டார் பாருங்கள்! அன்று மாலை அவர் கூட்டாளிக்கு ஃபோன் எடுத்து, தான் விழுந்து கிடந்தாலும் தனக்காக வேனை நிறுத்தக்கூடாது என்று சொன்னதை நான் கேட்டேன். அதையும் கொப்பியில் எழுதினேன்.

மறுநாள் விடியுமுன் பல்லேகலப் பக்கமாக அவர்கள் புறப்பட்டார்கள். அம்மா அன்று முழுக்கச் சோற்றைத் தொடவில்லை. காட்டுப் பாதையில் யானை நிற்குமோ என்று அப்பா சொல்லப்போய், அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பொழுது சாய்கிற நேரத்தில் ஃபோன் வந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அப்பா அதை மேசையில் வைத்தார்.

"வந்துட்டேன்க்கா. ஒரு எடத்துலயும் வேன்ல ஏறல. அந்த மஞ்ச முடிச்ச கோயில்லயே போட்டுட்டேன்."

அம்மா கதிரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். முடிச்சைப் பற்றி இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தம்பிக்குச் சுகமாகிவிட்ட சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் கூடவே அழுதேன்.

அடுத்த திங்கட்கிழமை அம்மா ஒரு பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பரிசோதனைக்கு, சும்மா நாலைந்து நாள்தான் என்றாள். நடக்கவே முடியாமல் கால்களை அகட்டி அகட்டி மாமாதான் கூடப் போனார். எந்தச் "சும்மா"வையும் நம்பாத நான், அந்த ஒன்றை மட்டும் அப்படியே நம்பினேன். அம்மா திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த மாதம் முழுக்க, கோணல் பின்னலோடு, எங்கள் மாமாவின் சீக்கு சுகமாகிவிட்டது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.